நடுக்கம் நிஜமா நடிப்பா: ஒரே கிண்டல், ரெண்டு பேர் வாய்ல

2006 அக்டோபர்ல அமெரிக்காவோட மிசௌரி மாநிலத்துல ஒரு எலெக்‌ஷன் விளம்பரம் டிவில ஓடுச்சு. அரை நிமிஷம்தான். பார்கின்சன்ங்கற நரம்பு நோய் வந்த ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் உக்காந்து கேமராவைப் பாத்துப் பேசுறாரு. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு (கருவிலேர்ந்து எடுக்கற செல்லை வெச்சு நோய்க்கு வழி தேடறது) ஆதரவா இருக்கிற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கிளேர் மெக்காஸ்கிலுக்கு ஓட்டுப் போடுங்க, செனட்டர் ஜிம் டேலன்ட் அந்த ஆராய்ச்சி விரிவாகறதை எதிர்க்கிறவரு, மிசௌரில நீங்க எடுக்கற முடிவு என்னை மாதிரி லட்சக்கணக்கான பேரை பாதிக்கும், அவ்ளோதான் விஷயம். ஆனா பாத்தவங்க மனசுல பேச்சு நிக்கல, உடம்புதான் நின்னுச்சு. பேசப் பேச தலை ஒரு பக்கம் சாயுது, தோள் ஏறி இறங்குது, இடுப்புக்கு மேல மொத்த உடம்பும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கு. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்துல ஸ்கேட்போர்டுல பறந்த பையனா இதுன்னு நிறைய பேருக்கு தொண்டை அடைச்சுது.

ஒருத்தருக்கு மட்டும் அடைக்கல. ரஷ் லிம்பா, அமெரிக்காலயே அதிகம் பேர் கேட்ட அரசியல் ரேடியோ ஷோ நடத்தினவரு. அக்டோபர் 23ம் தேதி ஷோல, இந்த ஆளு நோயை மிகைப்படுத்திக் காட்டுறாரு, ஒண்ணு மாத்திரை போடாம வந்திருக்கணும் இல்லாட்டி நடிக்கிறாரு, இது வெக்கங்கெட்ட வேலைன்னு சொன்னாரு. சொன்னதோட நிக்கல. ரேடியோதான், ஆனா ஸ்டூடியோல கேமராவும் உண்டு, அதுக்கு முன்னாடி கையை ஆட்டி உடம்பை உலுக்கி ஃபாக்ஸ் மாதிரியே செஞ்சும் காமிச்சாரு. அந்த கிளிப் நாடு பூரா சுத்துச்சு. எதிர்ப்பு கெளம்பினதும், நான் சொன்னது தப்புன்னா மன்னிப்பு கேக்கறேன்னு ஒரு வார்த்தை, அடுத்த மூச்சுலயே அந்த ஆளு தன் நோயை ஒரு கட்சிக்காக பயன்படுத்த விடுறாருன்னு இன்னொரு குத்து.

அஞ்சு வருஷம் போச்சு. 2011 செப்டம்பர்ல ஹெச்பிஓ டிவில காமெடியன் லாரி டேவிட் லாரியாவே நடிச்ச 'கர்ப் யுவர் என்தூசியாசம்' தொடர்ல ஃபாக்ஸ் ஃபாக்ஸாவே வந்து, இந்த ஆளு நிஜமா நடுங்கறாரா இல்ல வேணும்னே பண்றாராங்கற அதே சந்தேகத்தை வெச்சு ஒரு எபிசோட் முழுக்க காமெடி பண்ணாரு. ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பெரிய நோயை வெச்சு ஜோக் அடிக்கறது மரியாதைக் குறைவா, இல்ல வலியைத் தாங்கிக்கற வழியான்னு பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த கேஸ்தான் முதல்ல வரும், ஏன்னா இங்க நோய் ஒண்ணு, ஆளு ஒண்ணு, கிண்டலும் கிட்டத்தட்ட ஒண்ணு. அப்புறம் எங்க மாறுது?

முதல்ல மாத்திரை கணக்கு

இது புரியலன்னா லிம்பா எவ்ளோ தலைகீழா பேசுனாருன்னு தெரியாது. பார்கின்சன்ல மூளைக்குள்ள டோபமைன் சுரக்கற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே போகும். டோபமைன் கொறைஞ்சா உடம்பு இறுகும், அசைவு மெதுவாகும், சும்மா வெச்சிருக்கற கை நடுங்கும், நடை குறுகும், குரலும் இறங்கிடும். இதுக்கு பல வருஷமா முக்கிய மருந்து லெவோடோபா, உள்ள போய் டோபமைனா மாறும். (நம்ம ஊர் பூனைக்காலி விதைலயும் லெவோடோபா இருக்கு, ஆயுர்வேதத்துல கம்பவாதத்துக்கு குடுத்திருக்காங்க, அதுக்காக யாரும் நாட்டு மருந்து கடைல வாங்கி அளவு தெரியாம முழுங்க வேண்டாம்.) ஆரம்பத்துல இந்த மாத்திரை அற்புதமா வேலை செய்யும். வருஷம் ஆக ஆக, சரியா வேலை செய்யற அந்த நடு இடம் சுருங்கிக்கிட்டே வரும். அளவு கொறைஞ்சா ஆளு மரக்கட்டை, கூடினா கட்டுப்பாடே இல்லாம உடம்பு நெளிஞ்சு ஆடும். அந்த ஆட்டத்துக்கு டிஸ்கைனீசியான்னு பேரு.

ஃபாக்ஸுக்கு நோய்னு சொன்னது 1991ல, வயசு 29. 2006ல மாத்திரை போட ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் ஆயிருந்துச்சு. விளம்பரத்துல தெரியற அந்த ஆட்டம் மாத்திரை போட்டதால வந்தது. போடாம வந்திருந்தா இப்படி நெளிஞ்சு ஆடியிருக்க மாட்டாரு, இறுகிப்போய் உக்காந்திருப்பாரு, பேச்சே சரியா வந்திருக்காது. அதாவது லிம்பா குடுத்த ரெண்டு ஆப்ஷனும் அவுட். நரம்பு டாக்டர்கள் டிவில மாத்தி மாத்தி வந்து இதைத்தான் சொன்னாங்க.

ஃபாக்ஸோட பதில்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. லிம்பா பேசுன மறுநாள் சிகாகோ பக்கம் டாமி டக்வர்த்ங்கற இன்னொரு ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்காக ஒரு கூட்டத்துக்குப் போனவரு, மேடைல நின்னு, இப்போதைக்கு என் மாத்திரை ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு ஒரே ஒரு போடு. லிம்பா பேரே எடுக்கல. அப்புறம் 26ம் தேதி சிபிஎஸ் டிவில செய்தியாளர் கேட்டி கூரிக்கிட்ட உக்காந்து பொறுமையா விளக்கினாரு, வேடிக்கை என்னன்னா நான் அன்னைக்கு மாத்திரை அதிகமா போன நிலைமைல இருந்தேன், அதனாலதான் அந்த ஆட்டம், நோய்க்குறி வெளிய தெரியணும்னு எந்த நோயாளியும் ஆசைப்பட மாட்டான், அது அவ்ளோ சுகமான விஷயம் இல்லன்னு. கூரிக்கோட அப்பாவுக்கும் பார்கின்சன் இருந்துச்சு. கட்சி சாயம் பூசுனதுக்கும் பதில் இருந்துச்சு, 2004ல இதே ஸ்டெம் செல் விஷயத்துக்காக குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆர்லன் ஸ்பெக்டருக்கும் விளம்பரம் பண்ணவரு ஃபாக்ஸ்.

எலெக்‌ஷன்ல மெக்காஸ்கில் ஜெயிச்சாங்க. ஸ்டெம் செல் ஆராய்ச்சியைப் பாதுகாக்கற மாநில சட்டத்திருத்தமும் மயிரிழைல, 51 சதவீதம் சொச்சத்துல பாஸ் ஆச்சு. விளம்பரத்தால ஜெயிச்சாங்களா, லிம்பா கிளப்புன புழுதியால ஜெயிச்சாங்களா, ரெண்டும் இல்லாமலே ஜெயிச்சிருப்பாங்களான்னு எல்லாம் இப்ப கெளற வேண்டாம்.

லிம்பா பக்கமும் ஒரு நூல் இருக்கு

இந்த இடத்தை நிறைய பேர் தாண்டிப் போயிடுவாங்க. 1999 செப்டம்பர்ல அமெரிக்க செனட் துணைக் கமிட்டி முன்னாடி ஃபாக்ஸ் சாட்சி சொல்லப் போனாரு, பார்கின்சன் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கணும்னு. அன்னைக்கு வேணும்னே மாத்திரை போடாமத்தான் போனாரு, நோய் எப்படி இருக்கும்னு அவங்க கண்ணால பாக்கட்டும்னு. இதை வேற யாரும் துப்பறிஞ்சு கண்டுபிடிக்கல, 2002ல வந்த தன் புத்தகத்துல அவரே எழுதியிருக்காரு. லிம்பா இதைப் பிடிச்சுக்கிட்டாரு, ஒரு தடவை செஞ்சவன் இன்னொரு தடவை செய்ய மாட்டானான்னு.

கேள்வி கேக்கறது தப்பில்ல, அதை ஒத்துக்கணும். ஒருத்தர் தன் உடம்பையே வாதமா கொண்டுவந்து அரசியல் மேடைல வெச்சா அந்த வாதத்தை யார் வேணா கேள்வி கேக்கலாம், நோயாளிங்கறதால அவர் சொல்ற கொள்கை எல்லாம் சரின்னு ஆயிடாது. ஸ்டெம் செல் மேல மனசார எதிர்ப்பு இருந்த நிறைய பேர், அவர் கஷ்டம் புரியுது, ஆனா கருவை அழிச்சுப் பண்ற ஆராய்ச்சிய எங்களால ஏத்துக்க முடியலன்னு மரியாதையா சொன்னாங்க. ஆனா 1999ல அவர் செஞ்சது நோயை மறைக்கற திரையை விலக்கினது. மாத்திரை போடாத உடம்புதான் நோயோட அசல் உடம்பு. அதைக் காட்டினதை நடிப்புன்னு எப்படி சொல்றது? தலைக்கு டை அடிக்காம ஆபீஸ் வந்தவரைப் பாத்து நரைச்ச மாதிரி வேஷம் போட்டிருக்கன்னு சொல்ற கதைதான்.

அதைவிட பெரிய வேடிக்கை, ஃபாக்ஸ் நிஜமாவே வருஷக்கணக்கா நடிச்சவருதான், ஆனா எதிர்த்திசைல. 1991ல தெரிஞ்ச விஷயத்தை 1998 வரைக்கும் உலகத்துக்கு சொல்லவே இல்ல. முதல்ல குடிச்சாரு, கொஞ்ச நாள் இல்ல, நல்லாவே குடிச்சாரு, 1992ல நிறுத்தினாரு. அப்புறம் மாத்திரையை கடிகாரம் பாத்து முழுங்கி, சீன் எடுக்கற நேரத்துக்கு மருந்து பிடிக்கற மாதிரி கணக்கு போட்டு நடிச்சாரு. 'ஸ்பின் சிட்டி' தொடர்ல பாருங்க, இடது கை சும்மாவே இருக்காது, பேனா, பேப்பர், ஃபோன், பாக்கெட்டு, எதையாச்சும் பிடிச்சுக்கிட்டே இருக்கும், ஏன்னா நடுக்கம் ஆரம்பிச்சது அந்தக் கைலதான், அதுவும் சுண்டுவிரல்ல. 1998 ஜனவரில கோல்டன் குளோப் விழா வாசலுக்கு கார் வந்தாச்சு, ரெட் கார்ப்பெட், கேமரா எல்லாம் ரெடி, மாத்திரை இன்னும் பிடிக்கல, இறங்கினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். டிரைவர்கிட்ட இன்னொரு ரவுண்டு சுத்திட்டு வரச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவார்டும் வாங்கினாரு. இப்படி நல்லா இருக்கற மாதிரி ஏழு வருஷம் நடிச்சவரைப் பாத்து, நோய் இருக்கற மாதிரி நடிக்கிறாருன்னு ஒருத்தர் சொன்னா சிரிக்கறதா அழுவறதா.

அந்த ஏழு வருஷம் வேலைக்கு காமெடி பண்ணாரு, ஜனங்களை சிரிக்க வெச்சாரு. நோயைப் பத்தி வெளிய ஒரு ஜோக் இல்ல. ஜோக் வந்ததெல்லாம் சொன்னதுக்கு அப்புறம்தான். நகைச்சுவைதான் தாங்கிக்கற வழின்னு சொல்றவங்க இந்த வரிசையை கவனிக்கணும்னு தோணுது. முதல்ல குடி, அப்புறம் மறைப்பு, அப்புறம் குடியை விட்டது, மனசைப் பேச ஆள் தேடினது, வெளிய சொன்னது, அதுக்கப்புறம் வந்ததுதான் சிரிப்பு. ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் ஜோக்குக்கே இடம் கெடைச்சுது.

2000ல ஃபவுண்டேஷன் ஆரம்பிக்கும்போதே அந்த சிரிப்பு வந்தாச்சு. பார்கின்சன் டிசீஸ்ல பி, டி, கூட கியூர் சேத்து பிடி கியூர்னு பேர் வெக்கலாம்னு ஃபாக்ஸ் நினைச்சாராம், அவர் மனைவி டிரேசி அதைப் படிச்சுட்டு, என்னது, பெடிக்யூரான்னு கேட்டாங்களாம். கால் நகம் வெட்டற கடைன்னு நினைச்சுப்பாங்கன்னு அந்தப் பேரைத் தூக்கிட்டு சொந்தப் பேரையே வெச்சாச்சு. அந்த ஃபவுண்டேஷன் இதுவரைக்கும் பார்கின்சன் ஆராய்ச்சிக்கு 200 கோடி டாலருக்கு மேல போட்டிருக்கு, 2023ல தண்டுவட நீர்ல பார்கின்சனோட புரத அடையாளத்தை கண்டுபிடிக்கற டெஸ்ட் பத்தி வந்த முக்கியமான ரிசல்ட்டும் அவங்க பணத்துல நடந்த ஆய்வுதான். ஜோக் அடிக்கறவன் விஷயத்தை சீரியஸா எடுத்துக்கலன்னு யாராச்சும் சொன்னா இதைக் காட்டுங்க.

சோடா

2011 எபிசோடுக்கு வருவோம். கதைப்படி லாரி நியூயார்க் வந்து தங்கற அபார்ட்மென்ட்ல மேல் மாடில ஃபாக்ஸ். ஒரு இடத்துல ஃபாக்ஸ் தலை ஆட்டறாரு. லாரிக்கு மண்டை குடைச்சல், அது பார்கின்சன் ஆட்டமா, இல்ல என்னைப் பிடிக்காம ஆட்டின ஆட்டமா? நோயாளியைப் பாத்து இதைக் கேக்கக் கூடாதுன்னு நமக்கெல்லாம் தெரியும், லாரிக்கும் தெரியும், ஆனா லாரியால வாயை மூட முடியாது, அதுதானே அந்தத் தொடரே. அப்புறம் ஃபாக்ஸ் குடிக்க சோடா எடுத்துக் குடுக்கறாரு. லாரி திறக்கறாரு, பொங்கி மூஞ்சி சட்டை எல்லாம் அபிஷேகம். வேணும்னே குலுக்கினியான்னு கேக்கறாரு. ஃபாக்ஸ் முகத்துல ஒண்ணும் இல்லாம, பார்கின்சன், அப்படின்னு ஒரே வார்த்தை. மாடில தொம் தொம்னு நடக்கற சத்தத்துக்கும் அதே பதில்தான். லாரி கத்திக்கிட்டு நிக்க நிக்க ஊரே லாரியை காறித் துப்புது, பார்கின்சன் வந்த மனுஷனைப் போய் சந்தேகப்படறியேன்னு.

இதுல என்ன அழகுன்னா, ஃபாக்ஸ் நிஜமாவே குலுக்கினாரா இல்லையாங்கறது கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது. எனக்குப் படறது, குலுக்கினாரு. அந்தக் கண்ணுல லேசா ஒரு கள்ளம் இருக்கு. அந்தத் தொடர்ல வசனம் எழுதி வெக்க மாட்டாங்க, கதைச் சுருக்கம் மட்டும் இருக்கும், நடிக்கறவங்க அங்கேயே பேசிப் பண்றதுதான், அதனால அந்த டைமிங் அவரோடது.

லிம்பா சொன்னது என்ன? இவன் நோயைச் சாக்கா வெச்சு ஏமாத்தறான். 2011 ஜோக் என்ன? இவன் நோயைச் சாக்கா வெச்சு ஏமாத்தறானோ. ரெண்டும் ஒண்ணுதான்! இதுக்கு முன்னாடியே 2010லேர்ந்து 'தி குட் வைஃப்' தொடர்ல லூயிஸ் கேனிங்னு ஒரு வக்கீலா வந்தாரு, கை கால் ஆடற வியாதியை ஜூரி முன்னாடி காட்டி அனுதாபம் சம்பாதிச்சு கேஸ் ஜெயிக்கற பக்கா ஃப்ராடு. லிம்பா போட்ட குற்றச்சாட்டையே எடுத்து கோட் சூட் மாட்டி வேஷமா போட்டுக்கிட்டு எம்மி நாமினேஷன் வரைக்கும் போனாரு மனுஷன்.

பாதிக்கப்பட்டவன் சொன்னா சரி, வெளியாள் சொன்னா தப்புன்னு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு. எனக்கு அது பத்தல. ஏன்னா 2011ல அந்த சந்தேக வசனத்தை எல்லாம் பேசுறது லாரி டேவிட், அவருக்குப் பார்கின்சன் இல்ல. வெளியாள் வாயாலதான் வருது. அப்ப வித்தியாசம், ஜோக்ல அடி யாருக்கு விழுதுங்கறதுல இருக்கு. லிம்பா ஷோல ஃபாக்ஸ் அந்த ரூம்லயே இல்ல, பதில் சொல்ல வாய்ப்பில்ல, அடி வாங்கறது அவர் உடம்பு. லாரி எபிசோட்ல அடி வாங்கறது சந்தேகப்படறவன், சோடா மேல பட்டவன், சோடா குடுத்த கை ஃபாக்ஸோடது. இன்னொண்ணு, லிம்பா சொன்னது ஜோக்கே இல்ல. மிமிக்ரி பண்ணாருங்கறதால நாம அதை ஜோக் கணக்குல சேக்கறோம், அது ஒரு குற்றச்சாட்டு, உண்மையா பொய்யான்னு சரிபாக்கக்கூடிய ஒண்ணு, சரிபாத்தா பொய். அவர் ரசிகர்கள் சிலர் அப்புறம் ஹ்யூமர் சென்ஸ் இல்லாத லிபரல்கள்னு திட்டினாங்க. சும்மா தமாஷுக்கு சொன்னேன்பா எதுக்கு சீரியஸா எடுத்துக்கறன்னு நம்ம சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல தப்பிக்கற அதே சந்துதான்.

சந்தேகம் நோயாளிக்கு எவ்ளோ பெரிய சுமைங்கறதையும் சொல்லணும். பார்கின்சன் ஒரே நாள்ல ஏறி இறங்கற நோய். காலைல பத்து மணிக்கு நல்லா நடந்து வாசல் வரைக்கும் வந்தவரு பதினொன்னரைக்கு சேரை விட்டு எந்திரிக்க முடியாம இருப்பாரு. பாக்கற மருமகளுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ, இப்பதானே நல்லா இருந்தாரு, வேலை சொன்ன உடனே முடியலையான்னு தோணும். நம்ம வீடுகள்லயும் வயசானவங்களை இப்படி பேசறது உண்டு, நடிக்கிறாருங்கற சொல்லையே நான் கேட்டிருக்கேன். அதனால அந்த எபிசோடைப் பாத்து பார்கின்சன் ஆளுங்க சிரிச்சாங்கன்னா, தினம் தன்னை நோக்கி வர்ற ஒரு பார்வையை ஒருத்தன் பிடிச்சு திருப்பி அடிச்சுட்டாங்கற திருப்தி அதுல உண்டு.

முகம் பத்தியும் ஒண்ணு. இந்த நோய் கை காலை மட்டும் பிடிக்கறதில்ல, முகத் தசையையும் இறுக்கும். சிரிப்பு மனசுல இருக்கும், முகத்துக்கு வராது. கண் சிமிட்டறது கொறையும். எதிர்ல இருக்கறவங்க, டாக்டர்கள்கூட, இவருக்கு ஆர்வம் இல்ல, சோகமா இருக்காரு, கோவமா இருக்காருன்னு தப்பா எடை போடறாங்கன்னு ஆய்வுகள்ல காட்டியிருக்காங்க. முகத்தை வெச்சும் உடம்பை வெச்சும் பொழைச்ச காமெடி நடிகனுக்கு இப்படி ஒரு நோய். அந்த நிலைமைல வாயால ஒரு ஜோக் அடிச்சா, உள்ள நான் அப்படியேதான் இருக்கேன்னு எதிராளிக்குத் தெரிவிக்க அதைவிட குறுக்கு வழி கெடையாது. 2022 நவம்பர்ல ஆஸ்கர் குடுக்கற அகாடமி அவருக்கு மனிதாபிமான விருது குடுத்தப்போ மொத்த ஹாலும் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு, மைக் முன்னாடி வந்தவரு, என்னை நடுங்க வெக்கிறீங்க, நிறுத்துங்கன்னாரு. அழுகற மூட்ல இருந்த ஹால் சட்டுனு சிரிச்சுது. அனுதாபத்துல மூழ்கிக்கிட்டிருந்த கூட்டத்தை கைபிடிச்சு தூக்கி விட்டது நோயாளிதான்.

ஜூஸ் கடையை மூடின வருஷம்

இதோட நிறுத்தினா ரொம்ப இனிப்பா இருக்கும். 2018ல ஃபாக்ஸுக்கு தண்டுவடத்துல ஒரு கட்டி, பார்கின்சனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஏப்ரல்ல ஆபரேஷன். திரும்ப நடக்கக் கத்துக்கிட்டாரு. ஆகஸ்ட்ல ஒருநாள் காலைல, ஷூட்டிங் போகணும், வீட்டுல யாரும் இல்ல, நான் பாத்துக்கறேன்னு சொல்லி எல்லாரையும் அனுப்பி வெச்சிருந்தாரு. சமையல் ரூம்ல தடுக்கி விழுந்து இடது கை மேல்எலும்பு நொறுங்கிடுச்சு, பிளேட்டும் 19 ஸ்க்ரூவும் போட வேண்டியதாச்சு. தரையில கெடந்து காத்திருந்த அந்த நேரத்தைப் பத்தி 2020ல வந்த புத்தகத்துல எழுதியிருக்காரு. வாழ்க்கை எலுமிச்சம்பழத்தைக் குடுத்தா ஜூஸ் போட்டுக் குடின்னு அமெரிக்கால ஒரு பேச்சு உண்டு, எதையும் நல்லதா பாருன்னு அர்த்தம். எலுமிச்சையாவது ஜூஸாவது, அந்த யாவாரத்தையே விட்டாச்சுன்னு எழுதறாரு. அதுவும் ஒரு ஜோக்தான், ஆனா கசப்பு முழுசா இருக்கற ஜோக். அத்தனை வருஷமா மத்த பார்கின்சன் நோயாளிகளுக்கு நம்பிக்கையா இரு, சிரிச்சுக்கிட்டே இருன்னு சொன்னோமே, அது நேர்மையா, அவங்க கஷ்டத்தை லேசாக்கிட்டமோன்னு அவரே தன்னைக் கேட்டுக்கறாரு.

இந்த கேள்வி எனக்கு லிம்பா பிரச்சனையைவிட முக்கியமா படுது. ஏன்னா தாங்கிக்கற வழின்னு ஒண்ணைப் பாராட்ட ஆரம்பிச்சா அது கொஞ்ச நாள்ல கட்டளை ஆயிடும். பாரு அவரை, எவ்ளோ ஜாலியா எடுத்துக்கறாரு, நீ ஏன் மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்க? ஃபாக்ஸுக்கு பணம் இருக்கு, உதவிக்கு ஆள் இருக்கு, 1988லேர்ந்து கூடவே நிக்கற மனைவி இருக்காங்க, அவர் ஜோக் அடிச்சா உலகமே சிரிக்கும். ரெண்டு வேளை மாத்திரை வாங்கவே கணக்கு பாக்கற ஒருத்தருக்கு, சட்டை பட்டன் போட அரை மணி நேரம் ஆகற ஒருத்தருக்கு, ஜோக் வரலன்னா அது அவர் குறை இல்ல. கனடால ராட் மார்ட்டின்னு ஒரு உளவியலாளர் 2003ல தன் குழுவோட சேந்து நகைச்சுவையை நாலு வகையா பிரிச்சு அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டாரு, மத்தவங்களோட சேர வைக்கறது, தன்னைத் தூக்கி நிறுத்திக்கறது, அடுத்தவனைக் குத்தறது, தன்னையே மட்டம் தட்டிக்கறது. கடைசி ரெண்டும் நல்லது பண்ணாதுன்னு சொல்லத் தேவையே இல்ல. வெளிய கேக்க எல்லாம் ஒரே சிரிப்பா இருக்கும், நான் எதுக்கும் லாயக்கில்லாத நடுங்கற கட்டைன்னு ஒருத்தர் தினம் சொல்லி சிரிச்சா கூட சேந்து சிரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காந்து பேசிப் பாக்கணும்.

ஃபாக்ஸ் அந்தக் கசப்புலேர்ந்து திரும்பி வந்தாரு, முழுசா பழையபடி இல்ல. 2023ல வந்த ஆவணப்படத்துல தெருவுல நடந்து போய்க்கிட்டிருக்கும்போது ஒரு அம்மா வணக்கம் சொல்றாங்க, அதே நொடி இவர் தடுமாறி விழறாரு, பதறிப்போய் நிக்கற அந்த அம்மாகிட்ட, என்னை அப்படியே சாய்ச்சுட்டீங்கன்னு சொல்றாரு. அதே வருஷம் ஒரு டிவி பேட்டில சுத்தி வளைக்காம, நாளுக்கு நாள் கஷ்டமாகுது, 80 வயசு வரைக்கும் இருக்க மாட்டேன்னாரு. ரெண்டும் ஒரே ஆளு ஒரே வருஷம் சொன்னது. ஜோக் அடிக்கறவரு உண்மையை மறைக்கறாருன்னு சொல்றவங்களுக்கும், ஜோக் அடிக்கறதால கஷ்டம் இல்லன்னு நினைக்கறவங்களுக்கும் சேத்தே இது பதில்.

அப்புறம் லிம்பாவுக்கு வந்தது

2020 பிப்ரவரி 3ம் தேதி லிம்பா தன் ஷோல, எனக்கு நுரையீரல் புற்றுநோய், முத்திப் போச்சுன்னு சொன்னாரு. சுருட்டுப் பிரியரு, பக்கத்துல இருக்கறவங்க இழுக்கற புகையால கெடுதல்ங்கறதையே ரேடியோல நக்கலடிச்சவரு. சோஷியல் மீடியால கிண்டல் பறந்துச்சு, 2021 பிப்ரவரி 17ம் தேதி 70 வயசுல செத்துப் போனப்பவும் பறந்துச்சு. அந்த 2006 கிளிப்பை மறுபடி எடுத்துப் போட்டு, இப்ப நடிச்சுக் காமின்னு எழுதுன ஆளுங்க எல்லாம் ஃபாக்ஸுக்காக கொதிச்சவங்கதான்.

அவர் புகையிலை பத்தி என்ன பேசுனாருன்னு அன்னைக்கு எடுத்துச் சொன்னதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல, செத்த வீட்டுல சொல்லலாமாங்கறது நேரம் காலம் பாக்கற விஷயம், சொன்னது உண்மை. ஆனா அவர் நுரையீரலைப் பாத்து சிரிச்சது 2006ல அவர் பண்ண அதே வேலைதான், ஆள் மட்டும் மாறிட்டாங்க. எதிராளி பதில் சொல்ல முடியாத இடத்துல இருக்காரு, அடி உடம்பு மேல விழுது, சிரிக்கறவனுக்கு ஒரு செலவும் இல்ல. கெட்டவனுக்கு வந்தா மட்டும் சிரிக்கலாம்னு சொன்னா, யாரு கெட்டவன்ங்கறதை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கட்சிப்படி எழுதிக்குவாங்க, லிம்பா கணக்குல ஃபாக்ஸ் எதிர்க்கட்சிக்காரன், அவ்ளோதான்.

அமெரிக்க ஜனாதிபதி குடுக்கற சுதந்திரப் பதக்கம் இவங்க ரெண்டு பேர்கிட்டயும் உண்டு. லிம்பாவுக்கு நோயைச் சொன்ன மறுநாளே, 2020 பிப்ரவரி 4ம் தேதி டிரம்ப் நாடாளுமன்ற உரைக்கு நடுவுல அறிவிச்சாரு. ஃபாக்ஸுக்கு 2025 ஜனவரில பைடன் குடுத்தாரு. யாருக்கு எதுக்குன்னு சண்டை போடறவங்க அதை மெடலை வெச்சு போடட்டும், வியாதியை அதுல இழுக்க வேண்டாம்.